பேச்சுவார்த்தைக்கும் பயிற்சி வேண்டும்

காலநிலை மாநாடு என்றாலே தலைவர்கள் மேடையில் பேசுவதைத்தான் டிவியில் காட்டுகிறார்கள். உண்மையான வேலை பக்கத்து அறைகளில் நடக்கிறது. ஒப்புதல் கிடைக்காத வாசகங்களை வரைவில் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள். அந்த அடைப்புகளை நீக்க விடிய விடியப் பேச்சு நடக்கும், அதுவும் ஒரே நேரத்தில் பல அறைகளில். பெரிய நாடுகள் எல்லா அறைக்கும் ஆள் அனுப்பிவிடும். துவாலு போன்ற குட்டித் தீவிலிருந்து வரும் சிலர் எந்த அறைக்கு ஓடுவார்கள்?

அதனால்தான் பேச்சுவார்த்தைப் பயிற்சிகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் கிழக்குப் பின்லாந்துப் பல்கலைக்கழகமும் 2004 முதல் அதிகாரிகளுக்கு இதைக் கற்றுத்தருகின்றன. மாதிரிப் பேச்சுவார்த்தையும் அதில் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாதரச மாசைக் குறைக்கும் உலக ஒப்பந்தத்தை வைத்து ஒரு விளையாட்டே உருவாக்கியிருக்கிறார்கள். வேறொரு நாட்டின் நாற்காலியில் உட்கார்ந்து அதன் கவலைக்காக வாதாட வேண்டும். இதைவிட நல்ல பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடல் மட்ட உயர்வால் வரும் இழப்புக்கு ஈடு வேண்டும் என்று தீவு நாடுகள் சார்பில் வனுவாட்டு கேட்டது 1991இல். இழப்புகளுக்கென்று தனி நிதியம் அமைக்க உலகம் சம்மதித்தது 2022இல், எகிப்தின் ஷர்ம் எல்-ஷேக்கில் நடந்த காலநிலை மாநாட்டில். 31 வருஷம்! அதற்குள் எத்தனை அதிகாரிகள் ஓய்வு பெற்றிருப்பார்கள்! புதிதாக வருபவர் பழைய வாதங்களை முழுசாகத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால்தான் கோரிக்கை உயிரோடு இருக்கும்.

சட்டம், அறிவியல் படிக்கும் தம்பி தங்கைகளே, இந்தத் துறையையும் கொஞ்சம் பாருங்கள்.