புதுவையா, பாண்டியா? பழைய ஃபைலைத் தேடி எடுத்த விதம்

தேடியது கோயில் கொடியேற்றப் பத்திரிகை ஒன்று. கடலூர் மஞ்சக்குப்பத்து டிடிபி கடைக் கம்ப்யூட்டரில், டி டிரைவில் எங்கோ கிடந்தது.

விண்டோஸின் சொந்தத் தேடல் இதற்கு உதவவில்லை. டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் மாதிரி சில ஃபோல்டர்களை மட்டும்தான் அது முன்கூட்டியே அட்டவணை போட்டு வைக்கும். மற்ற டிரைவ் என்றால் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்க்கும். பச்சைக் கோடு நகரவே நகராது. இலவசமாகக் கிடைக்கும் எவ்ரிதிங் என்ற மென்பொருள் வேறு மாதிரி. என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) டிரைவில் எல்லாப் பெயரும் இருக்கும் தலைமைப் பட்டியலையே நேராகப் படித்துவிடும். முதல் எழுத்து தட்டும்போதே விடை வரத் தொடங்கும்.

ஆனால் 'கொடியேற்றம்' என்று தட்டினால் ஒன்றும் வரவில்லை. 'டியேற்ற' என்று தட்டியதும் வந்துவிட்டது. காரணம் 'கொ'. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் அதைச் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்றும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. பார்க்க ஒரே பெயராக உள்ள இரண்டு ஃபைல் ஒரே ஃபோல்டரில் இருக்கக்கூடும்! ஒகர, ஓகார, ஔகார எழுத்துகளை விட்டுவிட்டு மிச்சத்தைத் தட்டுவதே சுலபம்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் பெயர் வைத்த ஃபைல் என்றால் எக்ஸ்ப்ளோரரில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம். கீபோர்டை ஆங்கிலத்தில் வைத்து, தேடல் பெட்டியில் அதே பாமினி விசைகளைத் தட்டுங்கள். கிறுக்கலும் கிறுக்கலும் பொருந்திவிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் தேடலில் கிடையாது, அதனால் 'ம' தட்டினால், அதே விசையின் பெரிய எழுத்தான 'மு'வும் கூடவே வரும்.

ஊர்ப் பெயர்தான் பெரிய தலைவலி. புதுச்சேரி என்ற அதிகாரப்பூர்வப் பெயர் 2006-இல் வந்தது. அதற்கு முந்தைய ஃபைல்களில் பெரும்பாலும் பாண்டிச்சேரி என்று இருக்கும். பாண்டி, புதுவை என்று சுருக்கியவர்களும் உண்டு. எவ்ரிதிங்கில் இடையில் | குறி போட்டு நான்கையும் ஒரே வரியில் தேடலாம். திருப்பாதிரிப்புலியூரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதியிருப்பார்கள்; ஆங்கிலத்திலேயே 'புலி' (puli) பகுதியை மட்டும் தட்டினால் பெரும்பாலும் போதும்.

கோரல்டிரா (பத்திரிகை வடிவமைக்கும் மென்பொருள்) ஃபைலைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை: 'பேக்கப் ஆஃப்' என்று தொடங்குவது முந்தைய சேமிப்பின் நகல். அதைத் திறந்து திருத்தி அச்சுக்கு அனுப்பினால் பழைய பிழை அப்படியே போகும்.

பென் டிரைவ் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் இல்லை, அதனால் எவ்ரிதிங் பட்டியலில் தானாக வராது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஃபோல்டர்ஸ் என்று போய் நாமேதான் சேர்க்க வேண்டும்.