அம்பாஸ் என்றால் கடலைப் புண்ணாக்கு

சின்ன வயதில் எங்கள் வீட்டில் மாடு இருந்தது. சாயங்காலம் பால் கறப்பதற்கு முன்னால் ஆயா கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, கழனித் தண்ணீரோடு தொட்டியில் கரைத்துவிடும். அந்த வாசனை கையைக் கழுவினாலும் போகாது. விளையாட்டாக நாங்கள் ஒரு துண்டை வாயில் போட்டால் திட்டு விழும். "அது மாட்டுக்குடா, வயித்தால போவும்!"

சூடானில் இதற்கு அம்பாஸ் என்று பெயர். 2025 ஆகஸ்டில், மேற்கு சூடானின் டார்ஃபூர் பகுதியில் இருக்கும் அல் ஃபாஷிர் நகரம் பற்றிய செய்திகளில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. மக்கள் அம்பாஸைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்ச்சி, பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். என்ன என்று தேடினால், எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சுகிற கடலைச் சக்கை, ஆடு மாட்டுக்குப் போடுவது. அதைப் படித்ததும் ஆயாவின் தொட்டி வாசனை மூக்கில் ஏறிவிட்டது, அன்று இரவு சாப்பிட உட்கார முடியவில்லை.

டார்ஃபூர் ஒன்றும் சோறு காணாத பூமி இல்லை. அங்கே கம்பு விளையும், சோளம் விளையும், நிலக்கடலை நிறைய விளையும். மாவைக் கொதிநீரில் கிண்டி, திரட்டி, குழம்பு ஊற்றிச் சாப்பிடும் அசீதா அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு. படத்தைப் பார்த்தால் நம் ஊர்க் கம்பங்களி என்றே சொல்வீர்கள். களி கிண்டிச் சாப்பிட்டவர்கள் புண்ணாக்குக்கு வந்து சேர்ந்தது மழை பொய்த்ததால் அல்ல. வழியை அடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சூடான் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படைக்கும் 2023 ஏப்ரல் 15 அன்று சண்டை மூண்டது. 2024 ஏப்ரல், மே வாக்கில் ஆர்.எஸ்.எஃப். அல் ஃபாஷிரைச் சுற்றி வளைத்தது. அந்த முற்றுகையை நிறுத்து என்று அந்த ஜூனிலேயே ஐ.நா. பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டது, யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் நகரத்தைச் சுற்றி மண்ணை வாரிக் கொட்டி கரையே எழுப்பிவிட்டார்கள், கிலோமீட்டர் கணக்கில். செயற்கைக்கோள் படங்களில் அது தெளிவாகத் தெரிகிறது. உள்ளே சுமார் 2,60,000 பேர், அதில் பாதிப்பேர் குழந்தைகள். சோளம், கோதுமை விலை சூடானின் மற்ற ஊர்களைவிட 460 சதவீதம் வரை அதிகம் என்று உலக உணவுத் திட்டம் சொன்னது. கடையில் இருந்தால்தானே அந்த விலையும்.

2025 ஜூனில், செங்கடல் துறைமுக நகரமான போர்ட் சூடானிலிருந்து ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் கடந்து ஐ.நா. லாரிகள் பதினைந்து வந்தன. நகரத்துக்கு இன்னும் 80 கிலோமீட்டர்தான் பாக்கி, அல் கோமாவில் நிற்கும்போது தாக்கினார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். நீதான் செய்தாய் என்று இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று கைகாட்டின.

இதில் ஒரு தரப்பை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராணுவத்தின் அரசாங்கம் பக்கத்து நாடான சாட் எல்லையில் அத்ரே வழியை 2024 பிப்ரவரியில் மூடியது. டார்ஃபூருக்குச் சோறு போக அதுதான் சுலபமான வாசல். அல் ஃபாஷிருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் என்று ஆகஸ்ட் 1 அன்று நிபுணர்கள் உறுதிசெய்த பிறகு, அந்த மாத நடுவில்தான் திறந்தார்கள். அந்த இடைப்பட்ட ஆறு மாதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

நைல் ஓடுகிற நாட்டில் எப்படி இப்படி என்று கேட்பவர்களுக்கு ஜசீராவைச் சொல்ல வேண்டும். நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் நடுவே வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்யும், இருபது லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம், நாட்டின் கோதுமையில் ஏறக்குறைய பாதி அங்கேதான். 2023 டிசம்பரில் சண்டை அங்கேயும் வந்தது. விவசாயி ஓடிப்போனார், டிராக்டர் போச்சு, விதை நெல் மாதிரி எடுத்து வைத்திருந்த தானியமும் போச்சு. ஜசீராவின் தலைநகரான வத் மதனியில் உலக உணவுத் திட்டத்தின் கிடங்கைச் சூறையாடினார்கள். சுமார் 15 லட்சம் பேருக்கு ஒரு மாதத்துக்கு ஆகும் உணவு அதில் இருந்தது. விதைக்கிற பருவம் தவறினால் ஒரு வருடம் போனதுதான், அப்புறம் சமாதானம் வந்தால்கூட அந்த வருடத்துச் சோறு வரப்போவதில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஊர் இளைஞர்கள் தெருவுக்குத் தெரு பொது அடுப்பு மூட்டினார்கள், அவசர உதவி அறைகள் என்று பெயர். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் பாங்கக் என்ற செயலி வழியாக அனுப்பும் பணத்தில் பருப்பும் சோளமும் வாங்கி, பெரிய அண்டாவில் காய்ச்சி, வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றினார்கள். 2024 பிப்ரவரியில் நாட்டின் பெரும்பகுதியில் தொலைத்தொடர்பு அறுந்தது, பணம் வரவில்லை, பல இடங்களில் அடுப்பு அணைந்தது. ஃபோன் சிக்னல் போனால் குழந்தை பட்டினி கிடக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. மறுவருடம் அமெரிக்கா உதவியை நிறுத்தியதும் இன்னும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அடுப்புகள் மூடின.

2025 அக்டோபர் வந்தபோது அல் ஃபாஷிரில் அம்பாஸும் கிடைப்பது அரிதாகிவிட்டது. 26ஆம் தேதி நகரம் ஆர்.எஸ்.எஃப். கையில் விழுந்தது. கொலைக்குத் தப்பியவர்களில் பலர் தவீலா என்ற ஊர் வரை 60 கிலோமீட்டர் நடந்தார்கள். அங்கே மருத்துவர்கள் குழந்தைகளின் மேல்கையில் ஒரு நாடாவைச் சுற்றிப் பார்ப்பார்கள், பச்சை, மஞ்சள், சிவப்பு. சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு, அதாவது உயிருக்கே ஆபத்து. என் அக்கா மகனுக்கு மூன்று வயது, தையல் டேப்பை எடுத்து அவன் கையில் சுற்றிப் பார்த்தேன், 16 இருந்தது. பிறகு அதே டேப்பை 11.5இல் மடித்துப் பிடித்துப் பார்த்தேன். என் இரண்டு விரல் உள்ளே போனதும் அடைத்துக்கொண்டது.

அல் ஃபாஷிரில் பஞ்சம் என்று நவம்பர் தொடக்கத்தில் உறுதிசெய்தார்கள். ஆகஸ்டில் புண்ணாக்கு காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனையோ பேர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.