ஆடிக் காற்றும் ஹோம் ரன் கணக்கும்

மதுரைக் கல்லூரி மைதானத்தில் பேஸ்பாலுக்குக் கோடு போடும்போது 90 அடி இடைவெளியில் பேஸ்களை, அதாவது ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களை, அளந்து வைத்துவிடலாம். தூக்கி அடித்த பந்து வேலியைத் தாண்டி, அடித்தவர் எல்லா பேஸையும் சுற்றி வருவதுதான் ஹோம் ரன்; அதன் எல்லையை மட்டும் காம்பவுண்ட் சுவர் இருக்கிற இடத்திலேயே விட்டால் ஆட்டம் கெட்டது.

டேப்பின் நுனியை, பேட்டர் நின்று அடிக்கிற ஹோம் பிளேட்டின் பின்கூரில் பிடித்து அளக்க வேண்டும். விதிப்படி வேலிக்குக் குறைந்தது 250 அடி தூரம் வேண்டும். பக்கக் கோடுகளில் 320, நடுவில் 400 இருந்தால் நல்லது. 250 அடிக்குள் இருக்கிற வேலியைத் தாண்டும் பந்துக்கு ஹோம் ரன் கிடையாது, இரண்டு பேஸ்தான். 400 மீட்டர் ஓடுதளம் உள்ள மைதானங்களில் இடிப்பது இங்கேதான். இரு பக்கமும் உள்ள எட்டு எட்டு லேன்களையும் சேர்த்து மைதானத்தின் மொத்த அகலம் சுமார் 92 மீட்டர். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் 60 அடி, அதாவது 18 மீட்டர் விட்டால் மிச்சம் 74. வேண்டியதோ 250 அடி, அதாவது 76 மீட்டர். அதனால் எதுவரை இரண்டு பேஸ், எங்கிருந்து ஹோம் ரன் என்று அம்பயரும் கேப்டன்களும் முதலிலேயே பேசி, சுவரில் சுண்ணாம்பால் கோடு இழுத்துவிடுங்கள்.

250-ஐத் தாண்டியும் கிட்டத்தில் இருக்கிற பக்கத்துக்கு உயரம்தான் வழி. தூக்கி அடித்த பந்து ஏறக்குறைய 40 பாகைச் சரிவில் இறங்கும். 10 அடி வலை கட்டினால் வேலியை 12 அடி தள்ளிப் போட்ட மாதிரி. அமெரிக்காவில் பாஸ்டனின் ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானத்தில் இடது கோட்டில் தூரம் 310 அடிதான், ஆனால் சுவர் 37 அடி. அங்கே தாழ்வாகப் பறக்கும் பலத்த அடி சுவரில் மோதித் திரும்பும். சும்மா உயரப் போன பந்து மேலே தாண்டி விழும்.

இனி காற்று. வெயில் பேட்டர் கண்ணில் அடிக்காதிருக்க, ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்கிறது விதிப்புத்தகம். அப்படிப் போட்டால் ஆனி, ஆடியில் நாகமலைப் பக்கமிருந்து வரும் மேல்காற்று பேட்டரின் முதுகில்தான் வீசும். மணிக்கு 8 கிலோமீட்டர் காற்று பின்னால் இருந்தாலே 400 அடி போகிற பந்து 15 அடிக்கு மேல் கூடுதலாகப் போகும். கார்த்திகையில் வாடை எதிரே வரும்; அதே அடி ஃபீல்டர் கையில் விழும். ஆடிப் போட்டியின் ஹோம் ரன்னை மட்டும் பார்த்து அணி எடுப்பது அநியாயம் என்பேன்.

சூடான காற்று லேசு, பந்து கொஞ்சம் கூடவே போகும். ஈரக்காற்று கனம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வறண்ட காற்றைவிட ஒரு துளி லேசு. ஈரம் வேலை காட்டுவது பந்துக்குள். ஈரம் குடித்த பந்து கனக்கும், துள்ளல் குறையும். சுமார் 5,200 அடி உயரத்தில் உள்ள அமெரிக்காவின் டென்வர் நகரத்து கூர்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் காற்று மெலிந்து ஹோம் ரன்கள் குவிந்தன. 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைக்கிறார்கள். நம் ஊரில் மழை மாதத்தில் சிமென்ட் தரையில் பந்தைப் போடாதீர்கள். மூடிய டப்பாவில் இட்டு மரப்பலகை மேல் வையுங்கள். இரண்டு அணிக்கும் ஒரே டப்பாவிலிருந்து பந்து எடுங்கள். புல்லில் உருண்டு தையல் ஊறிப் பருத்த பந்தை அம்பயரிடம் சொல்லி உடனே மாற்றுங்கள்.