முறிந்த கால் முளைத்தது: வயல் நண்டோடு 52 நாள்

ஐப்பசி முதல் மழைக்குப் பள்ளத்தூர்ப் பக்கம் கண்மாய்க்குக் கீழே ஒரு வரப்பில் இந்த நண்டைப் பிடித்தேன். வளைக்குள் ஓடியதை அவசரத்தில் காலைப் பற்றி இழுத்துவிட்டேன். கால் மட்டும் கையோடு வந்தது. கால் சிக்கினால் நண்டு தானே அதை அடிமூட்டில் முறித்துவிட்டுத் தப்பும், தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. புதுக்கால் முளைத்த பிறகே விடுவது என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இரண்டாங்கட்டு முற்றத்துக் கல்தொட்டியில் மணல், உடைந்த ஓட்டுச் சில்லு, இரண்டு விரல் உயரம் ஊருணித் தண்ணீர். வயல் நண்டு காற்றையும் சுவாசிக்கும். ஏறி உட்கார மேடுதான் முக்கியம். முதல் வாரம் மீன் துண்டு அதிகமாகிப் போய்த் தண்ணீர் நாறியது. அப்புறம் நாலு பருக்கைச் சோறும் ஒரு அயிரையும்தான்.

24ஆம் நாள், கால் போன இடத்தில் குருணை அளவு மொட்டு. உற்றுப் பார்த்தால் மெல்லிய தோலுக்குள் சின்னக் கால் மடங்கிக் கிடந்தது.

40க்கு மேல் தீனி எடுக்கவில்லை. "செத்துப்போச்சுடா, கொண்டுபோய்க் கொட்டு" என்றார் அப்பத்தா. 45ஆம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்கிறேன், முதுகோட்டின் பின்விளிம்பு பிளந்திருக்கிறது. உள்ளிருந்து நண்டு பின்பக்கமாக நகர்ந்து வெளியே வருகிறது. கொடுக்கை உருவத்தான் ரொம்பப் பாடுபட்டது. அவ்வளவு சதையும் ஒல்லியான மூட்டு வழியாக வர வேண்டுமே!

காலையில் அப்பத்தா, "ஜோடி பிடிச்சாந்தியா?" என்றார். ஒன்று வெறும் கூடு. கண்ணை மூடியிருந்த உறைகூட அப்படியே இருந்தது. இரைப்பைக்குள் தீனி அரைக்கிற பல்லும் சேர்ந்தே கழன்றுவிடும். புதுக்கால் விரிந்திருந்தது, வெளிறி, மற்றதில் பாதி தடிமன். தண்ணீரை உறிஞ்சி உடம்பை உப்ப வைத்துக்கொண்டுதான் புது மேலோட்டை இறுக விடும்: 3.1 செ.மீ. அகலம் 3.6 ஆகியிருந்தது.

ஓடு இறுகும்வரை நாலு நாளும் சில்லுக்கு அடியிலேயே பதுங்கிக் கிடந்தது. எனக்குத் தொண்டியில் வலையில் பார்த்த பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) ஞாபகம். அந்த எண்காலிக்கு மூன்று இதயம்; ரத்தம் நண்டுக்குப் போலவே செம்பு கலந்தது, அதனால் நீலம். உடம்பில் கெட்டியானது கிளிமூக்கு மாதிரி அலகு ஒன்றுதான். அலகு நுழையும் சந்தில் உடம்பு மொத்தமும் நுழைந்துவிடும். நண்டென்றால் அதற்கு உயிர். பொந்து வாசலில் தின்ற நண்டுகளின் ஓடு குவிந்து கிடக்கும். ஓடில்லாமல் இந்த நண்டு நாலு நாள் ஒளிந்தது, அது ஆயுசுக்கும் அப்படியே ஒளிகிறது.

48ஆம் நாள் கழற்றிய கூட்டையே கொறிக்க ஆரம்பித்தது. சுண்ணாம்புச் சத்தை அது வீணாக்காது.

52ஆம் நாள், கார்த்திகைக் கடைசியில், அதே வரப்பில் விட்டேன். வளைவாசலில் கொஞ்சம் நின்றது. பிறகு அந்தப் புதுக்காலையும் ஊன்றி உள்ளே போனது.