லேத் ஸ்பிண்டில் நெஜமா எவ்ளோ ஸ்பீடு ஓடுது: 540-ன்னு நம்பி ஏமாந்த கதை

ஷெட்ல இருக்கறது ஒரு பழைய நாலரை அடி லேத் (ராடை சுத்த விட்டு டூலால கடையற மெஷின், ராடை பிடிச்சு சுத்தற தண்டுதான் ஸ்பிண்டில்), 1 ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டார், பிளேட்ல 1440 ஆர்பிஎம்னு (நிமிஷத்துக்கு அத்தனை சுத்து) அடிச்சிருக்கு. போன மாசம் 40 எம்எம் எம்எஸ் (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) ராடு கடையறப்ப ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் முனை ரெண்டாவது பாஸ்லயே கருகிடுச்சு, தீட்டி போட்டா மறுபடியும் அதே. பட்டறை வெச்சிருக்கற அண்ணன்கிட்ட கேட்டா, "ஹெச்எஸ்எஸ்ல சுருள் நீலமா வந்தா ஸ்பீடு ஜாஸ்திங்க தம்பி, கொறச்சு ஓட்டுங்க"ன்னுட்டார். கொறைக்கறதுக்கு முன்னாடி இப்ப எவ்ளோ ஓடுதுன்னு தெரியணுமே.

எம்எஸ்ஸுக்கு வெட்டற வேகம் நிமிஷத்துக்கு 30 மீட்டர்னு வெச்சா 40 எம்எம்முக்கு சுமார் 240 ஆர்பிஎம் போதும். நான் பெல்ட் வெச்சிருந்தது படிப்படியா இருக்கற ஸ்டெப் புல்லில நடு ஸ்டெப். மோட்டார்ல 3 இன்ச் புல்லி, கவுன்டர்ஷாஃப்ட்ல (மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவுல இருக்கற தண்டு) 8 இன்ச், நடு ஸ்டெப் ஒண்ணுக்கு ஒண்ணு, அப்ப 540. டபுளுக்கும் மேல ஓட்டிருக்கேன், கருகாம என்ன பண்ணும்.

சுத்தற வேகத்தை அளக்கற லேசர் டாக்கோமீட்டர் வாங்கிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும், ஆனா கட் ஓடறப்பவே ஸ்பீடு கண்ணு முன்னாடி தெரியணும்னு ஆசை. அதனால ஸ்பிண்டிலோட பின்பக்கம் ஒரு காலர் கடைஞ்சு போட்டு, அதுல குழி எடுத்து 5 எம்எம் நியோடிமியம் காந்தத்தை அரால்டைட் வெச்சு இறக்கினேன் (மேல ஒட்டாதீங்க, பிச்சுக்கிட்டு பறக்கும்), எதிர்ல ஏ3144 ஹால் சென்சார் (காந்தம் கிட்ட வந்தா சிக்னல் கொடுக்கும்), அங்கிருந்து ஆர்டுயினோ நானோங்கற குட்டி கன்ட்ரோலர் போர்டு, சின்ன ஓஎல்இடி டிஸ்ப்ளே. 10கே புல்-அப் ரெசிஸ்டர் மறக்காம போட்டும் அரை மணி நேரம் ஒண்ணுமே வரல. கடைசில பாத்தா காந்தம் தலைகீழ், அந்த சென்சார் முகத்துக்கு தென்துருவம் காட்டினாத்தான் வேலை செய்யும். குழியை நோண்டி எடுக்க முடியாம, எதிர்ப்பக்கம் இன்னொரு குழி போட்டு வேற காந்தம். பழசு அங்கயே பேலன்ஸுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

மொதல்ல எழுதின புரோகிராம் ஒரு செகண்டுக்கு எத்தனை பல்ஸுன்னு (காந்தம் சென்சாரை எத்தனை தடவை தாண்டுதுன்னு) எண்ணி 60-ஆல பெருக்கும். டிஸ்ப்ளே 480, 540, 540, 480-ன்னு குதிச்சுது. நான் பாருங்க, 540 வந்ததும் "கணக்கு சரி"ன்னு சந்தோஷமா மூடி வெச்சுட்டேன். ஒரு சுத்துக்கு ஒரு பல்ஸ், ஒரு செகண்டு எண்ணிக்கைன்னா அது 60, 60-ஆத்தான் காட்ட முடியும்னு ராத்திரி படுத்தப்பறம்தான் உறைச்சுது. மறுநாள் ரெண்டு பல்ஸுக்கு நடுவுல எத்தனை மைக்ரோசெகண்டுன்னு அளக்கற மாதிரி மாத்தினேன். இப்ப ஆடாம 523. மோட்டார் ஸ்விட்ச் போடறப்ப மட்டும் 3000, 4000-ன்னு பேய் நம்பர் வந்துச்சு, ஷீல்டு ஒயரு, 0.1 மைக்ரோ கெப்பாசிட்டர், 30 மில்லிசெகண்டுக்குள்ள வர்ற பல்ஸை ஒதுக்கு, அதோட அடங்கிடுச்சு.

ஆனா 523 நெஜமா? வேற வழில பாக்கணும்னு, அட்டைல வட்டம் வெட்டி சம தூரத்துல 12 கோடு போட்டு ஸ்பிண்டில் பின்னாடி ஒட்டினேன். சோக் போட்ட பழைய ட்யூப்லைட் நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல செகண்டுக்கு 100 தடவை மின்னும், அதனால 12 கோடும் 500 ஆர்பிஎம்ல நின்ன மாதிரி தெரியும். என்னோடது நிக்காம மெதுவா முன்னாடி நகந்துச்சு, மொபைல்ல நிமிஷம் வெச்சு எண்ணினா 23 சுத்து. 500-ம் 23-ம், அப்படியே பொருந்துது! (நின்ன மாதிரி தெரியுதுன்னு கைய கொண்டு போயிடாதீங்க. நல்ல எல்இடி பல்புல இது தெரியாது.)

அப்ப தப்பு என் 540-லதான். புல்லியை வெளி விட்டத்துல அளந்துட்டேன், ஏ சைஸ் வி-பெல்ட் அந்த அளவுல ஓடாது, விட்டத்துல ஒரு 7 எம்எம் உள்ள தள்ளித்தான் ஓடுது. 3 இன்ச்சுக்கு 76 எம்எம்மை 69-ஆவும், 8 இன்ச்சுக்கு 203-ஐ 196-ஆவும் எடுத்தா 1440-க்கு 507 வருது. 1440-ங்கறது ஃபுல் லோடு ஸ்பீடு, சும்மா ஓடறப்ப மோட்டார் 1485 கிட்ட போகும், அதுக்கு 523. 25 எம்எம் ராடுல 1.5 எம்எம் ஆழம் வெச்சு கட் கொடுத்தப்ப டிஸ்ப்ளே மெல்ல இறங்கி 509-ல நின்னுச்சு, அட்டைல கோடும் அதே மாதிரி சோம்பேறியா நகந்துச்சு. அதை பாத்துக்கிட்டே ஒரு ராடு வீணாக்கினேன், அது வேற விஷயம்.

வேகமான ஸ்டெப்ல பழைய கணக்கு 900, அளந்தா 908. புல்லி அளவு, மோட்டார் ஸ்பீடுன்னு ரெண்டு தப்பும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டதால சரியா வந்த மாதிரி இருக்கு. இதை மொதல்ல அளந்திருந்தா என் கணக்கு தப்புன்னே தெரிஞ்சிருக்காது. கடைசி ஸ்டெப்ல 323 எதிர்பாத்தேன், 300 வருது, எனக்கு அது லாபம்தான்.

அதே 40 எம்எம் ராடை 300-ல கூலன்ட் ஊத்தி சின்ன கட்டா ஓட்டினேன். 240 இல்லதான், ஆனா சுருள் வெள்ளையா வந்துச்சு, அஞ்சு பாஸ் ஓடியும் முனை அப்படியே இருக்கு.