இலத்திரன் ஆடாத களரி

ஐக்கிய நாடுகள் சபை 2025ஆம் ஆண்டைக் குவாண்டம் அறிவியலுக்கும் தொழினுட்பத்துக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்திருந்தது. அதையொட்டித் தமிழில் ஓர் ஆற்றுகை செய்யலாமா என்று பௌதிகவியல் விரிவுரையாளர் ஒருவர் கொழும்பிலுள்ள எங்கள் நாடகக் குழுவிடம் கேட்டார். நாங்கள் சம்மதித்ததற்குக் காரணம் அவர் கொண்டுவந்து காட்டிய படங்கள்தான். அகிரா தொனோமுராவும் சகாக்களும் ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வுகூடத்தில் செய்து 1989இல் வெளியிட்ட பரிசோதனையின் படங்கள் அவை. இரு வழிகள் திறந்திருக்க, அணுவின் நுண்துகள்களான இலத்திரன்கள் ஒவ்வொன்றாகத் திரையை வந்தடைகின்றன. முதலில் தாறுமாறாகச் சில புள்ளிகள் மட்டுமே தெரிகின்றன. ஆயிரக்கணக்கில் சேர்ந்த பின்னர் ஒளிப் பட்டிகளும் இருண்ட பட்டிகளும் மாறிமாறித் தெளிகின்றன. அடுத்த புள்ளி எங்கே விழும் என்று எவராலும் கூற முடியாது. பட்டிகள் எங்கே தோன்றும் என்பதையோ முன்கூட்டியே கணித்துவிடலாம்.

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் ஒத்திகை தொடங்கியது. கூத்தாடும் வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியை வடிவமாகக் கொண்டோம். ஆட்டக்காரர் ஒருவர் இரண்டு வாயில்களின் முன்னே வந்து இருவராகப் பிரிந்து செல்வதாகத்தான் எங்கள் குழுவினர் முதலில் அமைத்தனர். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்த அந்தக் காட்சியை விரிவுரையாளர் ஏற்கவில்லை. அரை இலத்திரனை எவரும் எங்கும் கண்டதில்லை, அகப்படும்போதெல்லாம் அது முழுதாகவே அகப்படுகிறது என்றார். அப்போது, கூத்துப் பழக்கும் எங்கள் அண்ணாவியார் கேட்ட கேள்வி ஆற்றுகையின் போக்கையே மாற்றியது: “அது எந்த வழியால போகுது எண்டு தெரியாட்டி, நான் எந்தக் கால எடுத்து வைக்கிற, சேர்?” இலத்திரனுக்கு ஆட்டக்காரரே வேண்டாம் என்று அன்று முடிவெடுத்தோம். புறப்படும் இடத்துக்கும் திரைக்கும் இடையில் களரி வெறுமையாக இருக்கும். மத்தளமும் சல்லரியும் மட்டும் ஒலிக்கும்.

திரையாக, புறக்கோட்டையில் வாங்கிய கறுப்புத் துணியை மேலிருந்து கீழாக நிரல்களாகப் பிரித்துக் கட்டினோம். பழைய கல்யாண அழைப்பிதழ்களை வெட்டி, நிரல் எண்களை எழுதிப் பெட்டிகளில் இட்டோம். நடிகர் ஓர் அட்டையை எடுத்து, அதிலுள்ள நிரலில் வெள்ளை மாவில் தோய்த்த விரலால் ஒரு புள்ளி வைப்பார். முதற்பெட்டி இடது வாயில் மட்டும் திறந்த நிலைக்கு. இரண்டாவது வலது வாயிலுக்கு. இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்தால் இரு வாயில்களும் திறந்த நிலைக்குரிய பட்டிகள் வந்துவிடும் என்றே நடிகர்கள் நினைத்தார்கள். கலந்து பார்த்தபோது துணி முழுவதும் புள்ளிகள் பரவினவே தவிர, பட்டிகள் வரவில்லை. விரிவுரையாளர் மூன்றாவது பெட்டியொன்றைக் கணித்துத் தந்தார். முதல் இரு பெட்டிகளிலும் அட்டை இருந்த சில நிரல்களுக்கு அதில் ஓர் அட்டைகூட இல்லை. இன்னொரு வாயிலைத் திறந்ததால் சில இடங்களுக்கு வரவு நின்றுபோகிறது! கூட்டப்படுபவை நிகழ்தகவுகள் அல்ல, வழிக்கு ஒன்றாக அமைந்து, ஒன்றையொன்று அழிக்கவும் வல்ல வீச்சங்கள் என்னும் எண்கள்; அவற்றின் கூட்டுத்தொகையின் வர்க்கமே நிகழ்தகவைத் தருகிறது என்பது மாக்ஸ் போர்ன் 1926இல் முன்வைத்த விளக்கம். அந்த விளக்கத்தை எவரும் பேசாமலே, வெறுமையான நிரல்களைப் பார்த்துச் சபையோர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் விரும்பினேன்.

அவதானிப்புப் பற்றிய காட்சியில்தான் நீண்ட விவாதம் நடந்தது. வாயிலருகே பெரிய கண் ஒன்றை வைப்பதற்கு எங்கள் ஓவியர் ஆசைப்பட்டார். மனித மனம் பார்ப்பதால் உலகம் மாறுகிறது என்ற பிழையான எண்ணத்தை அது வளர்க்கும் என்பது விரிவுரையாளரின் வாதம். சென்ற வழியின் தடயம் எங்காவது பதிந்துவிட்டாலே போதும், அதை எவரும் வாசிக்காவிட்டாலும் தலையீட்டுக் கோலம் எனப்படும் அந்தப் பட்டிகள் மறைந்துவிடும். ஆகவே வாயில்களின் கீழே ஈரமணல் பரப்பி, மத்தளம் முழங்கும்போது ஏதோவொரு வாயிலில் மட்டும் ஒரு சுவடு பதியுமாறு செய்தோம். எவரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆனால் அந்தக் கணத்திலிருந்து நடிகர்கள் மூன்றாவது பெட்டியை விட்டு, முதல் இரண்டையும் கலந்த பெட்டியிலிருந்தே அட்டை எடுக்கிறார்கள், பட்டிகள் மெல்ல நிரம்பி அழிகின்றன. அறிவியலின் கறார்த்தன்மை கலைக்குத் தடை என்று சொல்வோருக்கு இந்தக் காட்சியைக் காட்டவே விரும்புகிறேன். கண்ணைவிட அந்தச் சுவடு எவ்வளவோ வலிமையானது.

ஆற்றுகை முடிந்ததும் உயர்தர மாணவர்கள் பலர் களரிக்குள் வந்து, மூன்றாவது பெட்டியைக் கவிழ்த்து அட்டைகளை நிரல்வாரியாக எண்ணத் தொடங்கினர்.

இப்போது பின்னிப்பிணைந்த துகள்களை, அதாவது தொலைவாகப் பிரிந்த பின்னரும் அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கும் துகள்களை, மேடையேற்ற முயல்கிறோம். அங்கே அட்டைப் பெட்டி உதவாது என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார். துகள்கள் பிரியும் முன்னர் அவற்றின் கையில் எத்தகைய அட்டையை எழுதிக் கொடுத்தனுப்பினாலும், அவற்றின் முடிவுகளுக்கிடையே குவாண்டம் பொறிமுறை எதிர்வுகூறும் இணக்கங்கள் அனைத்தும் அதிலிருந்து வாரா என்பதைப் பௌதிகவியலாளர் ஜோன் பெல் 1964இல் நிறுவினார். அதனைப் பரிசோதித்த அஸ்பே, குளோசர், சைலிங்கர் ஆகியோருக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. அண்ணாவியார் ஒரே தாளத்தை இரு களரிகளில் வைத்து ஏதோ முயன்றுகொண்டிருக்கிறார்.