ரூலைக் கவிழ்த்துப் போட்டால்: 1765 துக்க முகப்பை ஈய எழுத்தில் மறுபடி அச்சிட்ட பதிவு

எடுத்துக்கொண்ட பக்கம்: பிலடெல்பியாவில் வில்லியம் பிராட்ஃபோர்ட் அச்சிட்டு வந்த 'பென்சில்வேனியா ஜர்னல்' வார இதழின் 1765 அக்டோபர் 31 முகப்பு. இதழ் எண் 1195. மறுநாள், நவம்பர் 1, அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் பத்திரிகைகளுக்கும் வரி விதித்த பிரிட்டிஷ் முத்திரைச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாள். பத்திரிகை தனக்குத் தானே அடித்துக்கொண்ட சாவு ஓலை இது. தலைப்பு கல்லறைக் கல் போல அமைந்திருக்கிறது. மண்டையோடும் குறுக்கு எலும்பும் மண்வெட்டியும் தெரிகின்றன. தலைப்புக்குக் கீழே 'உயிர் பிரிகிறது, மீண்டும் உயிர்த்தெழும் நம்பிக்கையோடு' என்ற பொருளில் ஒரு வரி. பத்திகளைச் சுற்றித் தடித்த கறுப்புக் கரை.

பக்கத்தைப் பார்த்ததும் கண்ணில் படுவது மண்டையோடுதான். ஆனால் அச்சுக்கோத்துப் பார்த்தால் வேலை முழுக்கக் கறுப்புக் கரையில்தான் இருக்கிறது. அந்தக் கரைக்காக யாரும் புதிதாக எதையும் வார்க்கவோ செதுக்கவோ தேவையில்லை. பத்திகளுக்கு நடுவே வாராவாரம் நிற்கும் ரூலை, அதாவது கோடு அச்சிடும் உலோகப் பட்டையை, தலைகீழாகப் போட்டால் போதும். ரூலின் முகம் மெல்லிய கோடு, அடிப்பாகம் அகலமான பட்டை. கவிழ்த்தால் பட்டை மேலே வந்து அச்சாகிறது. துக்கச் செய்திக்கு ரூலைக் கவிழ்ப்பது அச்சகங்களில் பழைய வழக்கம். அச்சுக்கோக்கும் கம்பாசிட்டர் ஒருவர் அரை மணி நேரத்தில் பத்திரிகைக்கே இழவு உடுத்திவிடலாம். எதிர்ப்பு இவ்வளவு வேகமாக அச்சில் ஏறியதற்கு இந்தக் கைப்பழக்கமும் ஒரு காரணம் என்பது நம் கணிப்பு.

எவ்வளவு வரிக்கு இந்தக் கோபம்? அரைத் தாள் பத்திரிகை ஒவ்வொரு படிக்கும் அரைப் பென்னி; அதற்கு மேல் முழுத் தாள் வரை ஒரு பென்னி. ஒரு விளம்பரத்துக்கு 2 ஷில்லிங், சிறியதோ பெரியதோ. ஆங்கிலம் அல்லாத மொழியில் அச்சிட்டால் இருமடங்கு. பென்சில்வேனியாவின் ஜெர்மன் அச்சகங்களுக்கு அது நேரடி அடி. முழுத் தாள் இதழ் 500 படி என்று வைத்துக்கொண்டால் தாள் வரி 500 பென்னி, அதாவது 2 பவுண்டு 1 ஷில்லிங் 8 பென்னி (12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). அதே இதழில் 30 விளம்பரம் இருந்தால் 60 ஷில்லிங், 3 பவுண்டு. அச்சகத்தைக் கடித்தது தாளைவிட விளம்பரம். போதாததற்கு, வரியை பிரிட்டிஷ் ஸ்டெர்லிங்கில் கட்ட வேண்டும். முத்திரை குத்திய தாள் லண்டனிலிருந்து கப்பலில் வர வேண்டும்.

அளவும் அமைப்பும்

முழு அளவில் எடுக்கப் பெரிய பிரஸ் வேண்டும். 8 × 12 அங்குலச் சேஸுக்குள் (எழுத்தை இறுக்கிப் பூட்டும் இரும்புச் சட்டம்) அடங்கும்படி சுருக்கியதால் பத்தி இரண்டு, அறிவிப்பின் தொடக்கப் பகுதி மட்டும். அச்சுப் பரப்பு 42 பைக்கா அகலம், 48 பைக்கா உயரம்: 7 × 8 அங்குலம் (6 பைக்கா ஓர் அங்குலம், 12 பாயிண்ட் ஒரு பைக்கா). அகலக் கணக்கு: 18 பைக்கா பத்தி இரண்டு, 6 பாயிண்ட் ரூல் மூன்று, இரு ஓரத்திலும் நடுவிலும், பத்திகளின் பக்கவாட்டில் அரைப் பைக்கா வீதம் நான்கு இடைவெளி. இது 39½ பைக்கா. மீதி 2½ பைக்கா இடது ஓரத்துச் செங்குத்து வரிக்கும் அதன் இடைவெளிக்கும். உயரத்தில் தலைப்புக்கு 20, பத்திக்கு 24, ரூல் மூன்றுக்கு 1½, மீதி லெட், அதாவது இடைவெளிக்குச் செருகும் ஈயத் தகடு.

எழுத்து 12 பாயிண்ட் காஸ்லன் என்ற ஆங்கில எழுத்துரு. குடியேற்ற நாடுகளின் அச்சகங்கள் அன்று நிறையப் பயன்படுத்திய எழுத்து அதுதான். உள்ளூர் வார்ப்பு பிறகுதான் தொடங்கியது. வரிகளுக்கு இடையே 2 பாயிண்ட் லெட். 24 பைக்காவில் 20 வரி, இரு பத்திக்கும் 40 வரி, சுமார் 260 சொல். ஏறத்தாழ 1,200 எழுத்து வரும். அதில் ஆங்கில 'ஈ' மட்டும் 150 வேண்டும். கடையில் வாங்கும் ஒரு சிறு எழுத்துக் கட்டில் அவ்வளவு இருக்காது, பாதி வழியில் எழுத்துப் பெட்டியான கேஸ் காலியாகிவிடும். கோக்கத் தொடங்கும் முன்பே எண்ணிப் பாருங்கள்.

நீள 'எஸ்'

அந்தக் கால ஆங்கில அச்சில் 'எஸ்' எழுத்துக்கு இரண்டு வடிவம். சொல்லின் முதலிலும் இடையிலும் நீள வடிவம், ஈற்றில் இன்றுள்ள குட்டை வடிவம். 'எஃப்' எழுத்தை ஒட்டி வந்தால் இடையிலும் குட்டை. பெரிய எழுத்துக்கு இந்த வேறுபாடு இல்லை. 'பிரஸ்' என்ற சொல்லைச் சிறிய எழுத்தில் கோத்தால் முதல் 'எஸ்' நீளம், அடுத்தது குட்டை. 260 சொல்லுக்கு 40 முதல் 50 நீள 'எஸ்' தேவைப்படும்.

நீள 'எஸ்' இல்லாத கட்டு கையில் இருந்தால் ஒரு வழி உண்டு. 'எஃப்' எழுத்தின் குறுக்குக் கோட்டில் வலப் பக்கத்தை மட்டும் ஊசி அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். ஈயத்தில் எழுத்து இட வலம் மாறி இருப்பதால் தேய்க்க வேண்டியது நம் கண்ணுக்கு இடப் பக்கம். இங்கேதான் கை தவறும்: இடமும் வலமும் மாறி முதல் ஆறு எழுத்து வீண். முகத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்துவிட்டுத் தேய்த்தால் தப்பு வராது. இன்னொன்று, 'எஃப்' எழுத்தின் மேல் வளைவு உடம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 'எல்', 'ஹெச்' போன்ற உயர எழுத்து வந்தால் சேஸில் இறுக்கிப் பூட்டும்போது அந்த நீட்டல் முறியும். அந்த இடங்களில் நடுவே மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று செருக வேண்டும்.

கவிழ்த்த ரூல்

6 பாயிண்ட் பித்தளை ரூல். கவிழ்த்தால் 6 பாயிண்ட், அதாவது 2.1 மில்லிமீட்டர் கறுப்புப் பட்டை. உயரம் மாறாது, எப்படி நிறுத்தினாலும் 23.32 மில்லிமீட்டர்தான். காகிதத்தில் கணக்கு சரி. முதல் புரூஃபில், அதாவது சோதனைப் படியில், வந்ததோ கறுப்புப் பட்டை அல்ல, கீறல் விழுந்த சாம்பல் நிறக் கோடு.

காரணம் மூன்று. ரூலின் அடிப்பாகம் அச்சாவதற்கென்று செய்ததல்ல. அறுத்த தடமும் பிசிறும் அப்படியே இருக்கும். பழைய மை கெட்டியாகிப் படிந்து கிடக்கும். கவிழ்த்த ரூல் இப்போது மெல்லிய முகத்தின் மேல் நிற்கிறது, நன்றாக இறுகாவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து பட்டையின் ஓர் ஓரம் மட்டும் தாளைத் தொடும்.

முதலில் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தோம். பிறகு தட்டையான கண்ணாடி மேல் 400 எண் எமெரித் தாளை விரித்து, ரூலின் அடிப்பாகத்தைச் செங்குத்தாகப் பிடித்து நீளவாக்கில் பத்து முறை, அடுத்து 800 எண்ணில் பத்து முறை இழுத்தோம். அதற்கு மேல் தேய்த்தால் உயரம் குறைந்துவிடும். குறைந்துபோனதற்குக் கீழே டிஷ்யூத் தாள் கொடுத்துச் சரிசெய்யலாம். சாய்வுக்கு மருந்து பூட்டில் இருக்கிறது. பத்திகளைச் சரியாக 18 பைக்காவுக்கு நிறைத்துக் கோத்திருந்தால் ரூலை இருபுறமும் எழுத்தே தாங்கும். ஏதாவது ஒரு வரி தளர்வாக இருந்தாலும் அந்த இடத்தில் ரூல் சாயும். கோட்டில் எங்கே வெளிறிப்போயிருக்கிறது என்று பார்த்தே எந்த வரி தளர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

நல்ல ரூலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். நூறு படி எடுப்பதற்குள் கீழே போன மெல்லிய முகம் நசுங்கி, மறுபடி கோடு அடிக்க உதவாமல் போகும். தேய்ந்த ரூலே இந்த வேலைக்குச் சரி.

மூலைகள்: 45 பாகையில் அறுத்துச் சேர்த்தால் பார்க்க அழகு, ஆனால் மயிரிழை பிசகினாலும் கறுப்புக்கு நடுவே வெள்ளைக் கீற்று தெரியும். ஒரு ரூலின் முனையை மற்றதன் பக்கவாட்டில் முட்டவிடுவது எளிது, இறுக்கும்போது இடைவெளியும் தானே அடைபடும். கல்லறைக் கல்லின் தோள்களையும் வளைக்காமல் நேர் ரூல் துண்டுகளால் படிபோல அமைத்தோம். இடது தோளில் ஒன்பது துண்டு, வலது தோளில் ஒன்பது.

மண்டையோடு

அன்று மரத்திலோ ஈயத்திலோ செதுக்கியிருப்பார்கள். இங்கே லினோ, அதாவது செதுக்க எளிதான லினோலியத் தகடு. 3.2 மில்லிமீட்டர் லினோ, 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை, 2 மில்லிமீட்டர் அட்டை: கூட்டினால் 23.2. இன்னும் 0.12 வேண்டும். 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், அடியில் ஒட்டினால் போதும். கண் குழிகளை 2 மில்லிமீட்டர் ஆழமாவது தோண்ட வேண்டும், மேலோட்டமாக விட்டால் உருளையின் மை உள்ளே இறங்கிக் கறை விழும். பற்களுக்கு நடுவே மயிரிழைக் கோடு செதுக்கியது இரண்டாம் புரூஃபிலேயே மையால் அடைபட்டது. கோட்டை அகலப்படுத்தி, பற்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தபின் தெளிவாக விழுகிறது.

மையின் சண்டை

இந்தப் பக்கத்தின் உண்மையான சிக்கல் இதுதான். தடித்த பட்டைக்கு மை நிறைய வேண்டும், 12 பாயிண்ட் எழுத்துக்குக் கொஞ்சம் போதும். பட்டை கருக்கும் அளவுக்கு மை பூசினால் 'ஈ', 'ஏ' எழுத்துகளின் வயிறு அடைந்துபோகும். எழுத்துக்கு அளவாகப் பூசினால் கரை வெளிறி நிற்கும். மூன்றாவது புரூஃப் முதல் ஆறாவது வரை இந்த இழுபறியிலேயே போனது.

தீர்ந்தது இப்படி. எண்ணெய் மையை நெகிழ்த்தாமல் கெட்டியாகவே வைத்து, முழு ஃபாரத்துக்கும், அதாவது சேஸில் பூட்டிய எழுத்து முழுவதற்கும், மெல்லிசாக ஒரு பூச்சு. அடுத்து 3 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு உருளையால் கரையின் மேல் மட்டும் இன்னொரு பூச்சு. பிறகு டிம்பனில் (தாளுக்குப் பின்னால் அழுத்தம் தாங்கும் விரிப்பு), கரை விழும் இடத்துக்கு நேராக டிஷ்யூத் தாள் கீற்று இரண்டு அடுக்காக ஒட்டினோம். அழுத்தம் அங்கே மட்டும் கூடுகிறது. ஏழாவது புரூஃபில் கரை கறுப்பு, எழுத்து சுத்தம். 1765ல் கையில் இருந்தது உருளை அல்ல, கம்பளி அடைத்த தோல் பந்து. மை, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் குழைத்த விளக்குக் கரி. பந்தால் ஒற்றும்போது கரையில் மட்டும் இரண்டு ஒற்று கூடுதலாக வைப்பது சிரமமே இல்லை. இந்த ஒன்றில் பழைய கருவி நம்முடையதைவிட வசதி.

தாள் 120 ஜிஎஸ்எம் பருத்தித் தாள். உலர்ந்த தாளில் கரை புள்ளிபுள்ளியாக விழும், நனைத்தே ஆக வேண்டும். ஒன்று விட்டு ஒரு தாளைப் பஞ்சால் ஈரப்படுத்தி, அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி, 10 கிலோ எடை வைத்து ஓர் இரவு விட்டால் ஈரம் சமமாகப் பரவும். தாள் கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும், ஆட்டினால் சலசலக்கக் கூடாது, மேலே ஈரப் பளபளப்பும் இருக்கக் கூடாது. பளபளப்பு இருந்தால் மை ஒட்டாது. வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் பூசணம் பிடிக்கும்.

செங்குத்து வரி

இடது ஓரத்தில் 'போய் வா, போய் வா, அச்சுச் சுதந்திரமே' என்ற பொருளில் ஒரு வரி பக்கவாட்டில் படுத்து, மேலும் கீழுமாக ஓடுகிறது. 40 இடம் கொண்ட இந்த வரியை, கையில் பிடித்து எழுத்துக் கோக்கும் தட்டான ஸ்டிக்கில் 24 பைக்காவுக்குக் கோத்து, நிறைத்து, ஒரு கால் வட்டம் திருப்பிப் பத்தியின் பக்கத்தில் வைத்தோம். நிறைப்பு இங்கே இன்னும் கறாராக இருக்க வேண்டும். மற்ற வரிகளை அழுத்தும் ஆப்பு இதன் முனையை அழுத்தாது, பக்கவாட்டைத்தான் அழுத்தும். ஒரு மெல்லிய ஸ்பேஸ் குறைந்தாலும் சேஸைத் தூக்கும்போது எழுத்து உதிரும். நமக்கு உதிர்ந்தது காற்புள்ளி ஒன்று. நல்லவேளையாக மேசை மேல் விழுந்தது.

இன்றைய நிலை

முகப்பு 25 படி எடுத்தாயிற்று, நான்கு கழிவு. அடுத்தது கடைசிப் பக்கத்துச் சவப்பெட்டி. உயிர்நிலையில் முத்திரை பாய்ந்து 23 வயதில் காலமான பத்திரிகையின் மிச்சம் என்று அதில் எழுதியிருக்கிறது; ஜர்னல் தொடங்கியது 1742ல். நாலு பக்க இதழில் ஒன்றாம் பக்கமும் நாலாம் பக்கமும் ஒரே ஃபாரத்தில் அருகருகே நிற்கும். கல்லறையையும் சவப்பெட்டியையும் ஒரே படுக்கையில் வைத்துத்தான் மை பூசியிருப்பார்கள். நம் சேஸில் இரண்டும் ஒன்றாக அடங்காது, தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இந்தப் பக்கத்தில் கை வைக்க வேண்டாம். 1765 செப்டம்பர் 21ல் வெளிவந்த 'கான்ஸ்டிட்யூஷனல் கூரண்ட்' தாளின் துண்டு பாம்புப் படத்தை முதலில் எடுங்கள். 1754ல் பெஞ்சமின் ஃபிராங்க்லின் பத்திரிகையில் வந்த எட்டுத் துண்டுப் பாம்பை மறுபடி பயன்படுத்திய தாள் அது. ஒரே பிளாக், கரை இல்லை, மைச் சண்டையும் இல்லை. அது பழகியபின், அன்னாபொலிஸில் ஜோனாஸ் கிரீன் அக்டோபர் 10லேயே மேரிலாந்து கெஸட்டை இதே போலச் 'சாகடித்த' பக்கத்துக்குப் போகலாம். அவர் 'நிச்சயமில்லாத' நம்பிக்கையோடு என்று ஒரு சொல்லைக் கூடுதலாகப் போட்டார், கோக்க இன்னும் கொஞ்சம் எழுத்து வேண்டும்.

சவப்பெட்டிக்கு ரூல் துண்டுகள் அறுத்து வைத்திருக்கிறோம்: ஆறு பக்கம், ஆறு மூலை. இங்கே எந்த மூலையும் செங்கோணம் அல்ல, முட்டவிடும் வித்தை பலிக்காது. சாய்த்து அறுத்தே தீர வேண்டும். முதல் இரண்டு மூலையிலும் வெள்ளைக் கீற்று தெரிகிறது. ஈயத்தைச் சொட்டாக உருக்கி விட்டு, ஆறியபின் அரத்தால் மட்டம் பார்ப்பதுதான் அடுத்த முயற்சி.